வைக்கோல் அண்ணன் சுமந்த குதிரை

உலகத்தில் உள்ள எல்லாமே உடையப் போகிறது என்று முழு மனதோடு நம்பியவர் எங்கள் விருத்தாசலத்தில் ஒருவர்தான்: வைக்கோல் அண்ணன். அவருக்கு அடுத்தபடி நான்.

பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. அந்தக் கை வீட்டுக்கு வந்தும் ஓயாது. சைக்கிள் மணிக்கு வைக்கோல், மூக்குக்கண்ணாடிக்கு வைக்கோல், டிபன் பாக்ஸில் முட்டைக்கு வைக்கோல். அதுவும் வேகவைத்த முட்டைக்கு! என் மகன் நடக்கப் பழகியபோது அவன் இடுப்பில் ஒரு வைக்கோல் வளையம் கட்டிவிட்டுப் போனார். தெருவே சிரித்தது. அவிழ்க்கப் போனேன், அப்புறம், இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

மகனுக்கு மொட்டை போட வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவிடம் நேர்ந்திருந்தேன். காவி உடுத்திப் புறப்பட்ட கூட்டத்தில் அண்ணனும் இருந்தார். மகன் கையைவிட்டு இறக்காத பீங்கான் குதிரையை வாங்கி, வைக்கோல் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். "வழியில ஒடஞ்சா புள்ள ஏங்கிப்போயிடும் தங்கச்சி."

சேத்தியாத்தோப்பு தாண்டுவதற்குள் எல்லோருக்கும் காது வலித்தது. வாய்க்காலைப் பார்த்தால், "எறங்காதீங்க! இங்க வெயிலடிக்கும், மேக்கால எங்கியாவது பேஞ்சு வெள்ளம் வந்துகிட்டு இருக்கும்!" சாலையில் தேங்கிய தண்ணீருக்கும் அதே கூச்சல்.

"அண்ணே, இது தண்ணி லாரி ஒழுகுனது" என்றார் என் கணவர்.

"லாரி எங்கேருந்து வருது? மேக்காலேருந்துதான மாப்ள?"

கடலோரம் வந்ததும் தார்ச் சூடு தாங்காமல் மணல் பாதையில் இறங்கினோம். வழியில் ஓர் ஓடை கடலில் கலந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். தலைக்கு மேல் நல்ல வெயில். மேற்கே மட்டும் வானம் கறுத்திருந்தது.

"வேணாம். மேட்டுல ஏறி ரோட்டுப் பாலம் வழியா போயிடுவோம்" என்றார் அண்ணன்.

"அங்க போனா பாலம் ஒடஞ்சிடும்னு சொல்லுவீங்க" என்று சிரித்தபடி, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு என் கணவர் முதல் ஆளாக இறங்கிவிட்டார்.

அவரைத் திரும்பக் கூப்பிடலாமா? காலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டு வாங்கியிருந்தேன். இதற்கும் பயப்பட்டால் ஊர் சிரிக்காதா? சிரிக்கட்டுமே? வாயைத் திறந்தேன், மூடினேன். அதற்குள் அவர் நடு ஓடையில். தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. சருகும் நுரையும் வர ஆரம்பித்தன. நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

அண்ணன் பையைக் கிழித்தார். வைக்கோல் பறந்தது. குதிரையை உயரத் தூக்கிக் கத்தினார்: "டேய் தம்பி! குதிர இங்க இருக்குதுடா! மாமா எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போறேன்!"

என் மகன் வீறிட்டான். அப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, ஆளையே திருப்பிவிட்டான்.

"ஏண்ணே, புள்ளைய இப்படியா அழ வெப்பீங்க!" என்று திட்டிக்கொண்டே என் கணவர் திரும்பி வந்தார். அவர் கரையை எட்டவும் ஓடை இரையவும் சரியாக இருந்தது. அண்ணன் பிள்ளையைப் பிடித்து இழுத்தார். நான் கணவரின் சட்டையைப் பிடித்தேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் நின்ற இடத்தில் ஒரு முள்மரம் வேரோடு உருண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பாலம் வழியாகவே போனோம்.

பிள்ளையைப் பிடிக்கப் போன கை குதிரையை விட்டிருக்கிறது. கரைக் கல்லில் விழுந்து அது துண்டு துண்டாகிவிட்டது. அண்ணன் கையிலிருந்து விழுந்து உடைந்த முதல் பொருள். "ஒண்ணு ஒடஞ்சுபோச்சு தங்கச்சி" என்று வழியெல்லாம் தலைகுனிந்தே நடந்து வந்தார்.

உடையாமல் வந்தது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.