அஸ்பாரகஸ் வராது, நீயும் வர வேண்டாம்

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. உனக்கும், உன் வீட்டுக்காரருக்கும், அவருடைய முழங்காலுக்கும் என் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். என் சுகத்தை நீ போனில் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். தண்டை வெட்டிச் சமைக்கலாம் என்று நீ பார்சலில் அனுப்பிய அஸ்பாரகஸ் வேரெல்லாம் செத்துப்போய்விட்டது. ஆகவே நீ வர வேண்டியதில்லை. அன்றைக்கு நீ போனில் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் என் காதிலேயே இருக்கிறது. "அக்கா, மூணாம் வருஷந்தான் வெட்டணும். அதுவரைக்கும் வர்ற தண்டையெல்லாம் தொடாம வளரவிடு, அப்பத்தான் வேர் தெம்பாகும். முதல் வெட்டுக்கு நான் கண்டிப்பா வந்து நிப்பேன். ஆனா உனக்கு எங்க கைராசி? ஊனின மறுநாளே தோண்டிப் பாக்கிற ஆளாச்சே நீ!" வருகிறேன் என்ற நல்ல வார்த்தையைக்கூட ஒரு குத்து வைக்காமல் உன்னால் சொல்ல முடியாது. போன தடவை வந்தபோது என் வீட்டுத் தலையணை செங்கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினவள்தானே நீ. அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உன் கல்யாணப் போட்டோவில் என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, அரை மூஞ்சி மட்டும் விழவைத்ததையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

நீ சொன்னபடியே துணி காயப்போடும் கொடிக்குக் கீழே நீளமாகக் குழி வெட்டினோம். வெட்டின மண்ணைப் பக்கத்திலேயே குவித்திருந்தோம். மதில் மேல் தலையை நீட்டினார் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்குங்க இது?" என்றார். "இன்னும் முடிவு பண்ணலைங்க, நீங்க என்ன உயரம்?" என்றேன். மனுஷன் அதோடு மதில் பக்கமே வரவில்லை. அந்த மட்டில் உன் பார்சலால் ஒரு லாபம்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். வெளுத்துப்போன சிலந்தி மாதிரி, ஒரு கொத்து முடியும் நடுவில் ஒரு முண்டும். எது மேல், எது கீழ்? நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே என் மருமகள் வந்து கையில் எடுத்துவிட்டாள். முன்னறையில் பார்லர் நடத்துகிறாளே, அந்தத் தைரியம். "அத்தை, முடி இருக்கிற பக்கந்தான் தலை. இதுகூடத் தெரியாமலா நான் தொழில் பண்றேன்?" என்றாள். சொன்னதோடு விட்டாளா? ஒவ்வொன்றையும் தண்ணீரில் அலசி, சிக்கெடுத்து, அகலப் பல் சீப்பால் வாரி, முடியெல்லாம் ஆகாசத்தைப் பார்க்கக் குழிக்குள் உட்காரவைத்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பேச்சை நான் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். அதற்கும் எனக்குக் கிடைத்த பலனைப் பார்.

அடுத்தது உன் அருமை அக்கா மகன், நான் பெற்ற பிள்ளை. முளை வர வரத்தான் கொஞ்சங் கொஞ்சமாக மண் போட்டு மூட வேண்டும் என்று நீ சொன்னதை அவனிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தேன். டைல்ஸ் ஒட்டுகிறவன் கண்ணுக்குப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நான் தூங்கி எழுந்து வருவதற்குள் குழி முழுவதையும் மூடி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! "இப்ப ஒரு கோலியை வையும்மா பாக்கலாம், அசையாது" என்றான் பெருமையாக. "டேய், கொஞ்சங் கொஞ்சமா மூடணும்னு சொன்னேனேடா!" என்றால், "நானும் சட்டி சட்டியாத்தானேம்மா போட்டேன்!" என்கிறான். அப்படியே அவன் அப்பா. அவரும் இப்படித்தான் செய்வதைச் செய்துவிட்டுச் சிரிப்பார்.

காத்திருந்தேன். தண்ணீர் விட்டேன். களை வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. அப்போதுதான் உனக்குப் போன் போட்டு, எதேச்சையாகக் கேட்கிற மாதிரி, முடிப் பக்கம் மேலா கீழா என்று கேட்டேன். "வேர் கீழதானேக்கா இருக்கும்? வேற எங்க, மாடியிலயா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மறுநாள் மருமகள் ஒரு வாடிக்கையாளர் தலையில் டை பூசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் மண்வெட்டியோடு போனேன். ஒவ்வொன்றாகத் தோண்டி, புரட்டி, முடியைக் கீழே விட்டு ஊனிக்கொண்டே போனேன். பாதி வரிசை முடிந்திருக்கும், கையில் உறையும் பிரஷுமாக ஓடி வந்தாள். "அத்தை! அதுங்க இப்பத்தான் செட்டாகுது, தொந்தரவு பண்ணாதீங்க! என் பாதியைத் தொட்டா நான் பொல்லாதவளாயிடுவேன்!" பின்னாலேயே அந்த வாடிக்கையாளரும், பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளையாக வந்து நின்று நியாயம் சொல்கிறாள். பிள்ளை வந்து நடுவில் நூல் பிடித்து ஆணி அடித்தான். இந்தப் பக்கம் அம்மாவுக்கு, அந்தப் பக்கம் பெண்டாட்டிக்கு.

அன்றிலிருந்து என் பாதிக்கு நானே கையால் களை பிடுங்கினேன். வேர் அறுந்துவிடுமே என்று களைக்கொத்தைக்கூடக் கிட்டே கொண்டுபோகவில்லை. எருவும் போட்டேன். அவள் பாதிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் மட்டும் கை தவறிப் போய் விழும். என்ன செய்து என்ன? இரண்டு பக்கமும் மொட்டை. எனக்குக் கைராசி இல்லை என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். முதல் வெட்டு இல்லை, ஆகவே நீ வரவும் இல்லை. பார்சல் பெட்டியைத் திருப்பி அனுப்பட்டுமா?

உன் பேரன் பேத்திகள் நல்ல ஞாபகசக்தியோடு வளரட்டும். அதில் என்னைப் போல வளரட்டும், உன்னைப் போல வேண்டாம்.

இப்படிக்கு,
அரை மூஞ்சி அக்கா

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனேன். ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி மாதிரி ஒரு தண்டு, ஊதா மூக்கோடு, மண்ணுக்கு வெளியே நிற்கிறது. மருமகளின் பாதியில்! தலைகீழாக வைத்ததுகூட உள்ளேயே திரும்பி, வழி கண்டுபிடித்து, பிள்ளை சுத்தியால் தட்டின மண்ணையும் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் திருத்தி வைத்த பாதியில் இன்னும் ஒன்றையும் காணோம். அவளிடம் சொல்லவில்லை. இப்போதைக்கு அதன் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், சாயங்காலம் எடுத்துவிடுவேன். ஆகவே மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். தொடாமல் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியது செடிக்குத்தான், உனக்கும் எனக்கும் இல்லை. இந்த மாதமே புறப்பட்டு வா. அந்தத் தலையணையில் ஒரு குறையும் கிடையாது. இருந்தாலும் மாற்றிவிட்டேன்.