என் பூட்ஸ் மலையேறிய கதை

நாற்பத்தொன்பதாவது வயதில் நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். வெளிநாடு போய் ஒரு மலையில் ஏறுவது. சும்மா குன்று இல்லை. ஐயாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கணவாய். அங்கே கால் வைத்ததும் ஒரு புகைப்படம். அந்தப் புகைப்படம் நான் வேலை பார்க்கும் குடோனில், என் மேஜைக்குப் பின்னால் சுவரில். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் தொப்பை தெரியாது என்பது வரைக்கும் யோசித்து வைத்துவிட்டேன்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் எங்கள் பல் டாக்டர். வருஷா வருஷம் பன்னிரண்டு பேரைத் திரட்டிக்கொண்டு மலையேறப் போகிறவர். அதனால் அவருக்கு 'உச்சி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. என் கடைவாய்ப் பல்லைக் குடைந்தபடி அவர் மலையின் பெருமையைப் பேசினார். வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவன் எதை மறுத்துப் பேச முடியும்? இந்த வருஷம் ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்றார். அவர் கருவியை வெளியே எடுத்ததும் முதல் வேலையாக, "நான் வரேன்" என்றேன்.

உச்சி உடனே தலையாட்டவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்தார். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், முதுகில் சுமையோடு மாடிப்படி ஏறிப் பழக வேண்டும். புது பூட்ஸ் காலோடு ஒட்டிப்போகும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். அன்றன்று படிவத்தில் தேதி, எத்தனை மாடி, எத்தனை கிலோ, நடந்தவர் பெயர், பார்த்தவர் கையெழுத்து எல்லாம் எழுத வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கடைசி இடம் உறுதி, டிக்கெட்டும் அதற்கப்புறம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்து ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டு போனேன். என் மனைவி படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள். அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை. அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவள். நடந்ததை நடந்தபடி எழுதுவதும், எழுதியதை வரி விடாமல் படிப்பதும் அவளுக்குத் தொழில். படித்து முடித்து, "தாராளமா போய்ட்டு வாங்க. ஆனா ஒழுங்கா தயாராகிப் போங்க" என்றாள். என் சொற்பொழிவு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பூட்ஸ் வாங்க அவளும் வந்தாள். சாயங்காலம்தான் போக வேண்டும் என்றாள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்குமாம். கடையில் என்னைச் சுவரில் உதைத்துப் பார்க்கச் சொன்னாள். விரல் நுனி இடித்தால் இறங்கும்போது நகம் போய்விடும் என்றாள். கடைக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, என்னைப் பார்த்ததில் இரக்கம். கடைசியில் ஏழாம் நம்பர் சரியாக இருந்தது. எனக்கு ஆளுக்கு ஏற்ற கால் இல்லை, சின்னக் கால். அவள் உயரமானவள். அவளுக்கும் ஏழாம் நம்பர்தான்.

எங்கள் கட்டிடத்தில் ஆறு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக் கொடுத்தாள். முடியாமல் போனால் மேலே தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம் என்பது அவள் யோசனை. முதல் நாள் நான் இரண்டாவது மாடியிலேயே பாதித் தண்ணீரைக் கொட்டினேன். நாலாவது நாள் குதிகாலில் கொப்புளம் வந்தது. அந்தக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் என் மூளையில் பொறி தட்டியது.

"ஏம்மா, பூட்ஸ் பழகணும்னுதானே போட்டிருக்கு? யார் காலுல பழகணும்னு போடலையே?"

அவள் பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அப்ப நான் போட்டுக்கிட்டு ஏறட்டுமா?"

"ரெண்டே ரெண்டு நாள். கொப்புளம் ஆறட்டும்."

"பை?"

"பையும்தான். தோள் வாரெல்லாம் பழகணும் இல்லையா?"

சரி என்றாள். என் சாமர்த்தியத்தை எண்ணி நானே வியந்துகொண்டேன். பழக்குகிறவள் அவள், போகிறவன் நான். கொப்புளம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. நான் ஆறவிடவில்லை.

தினமும் காலையில் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்பாள்: "இன்னிக்கு நீங்க ஏறறீங்களா, நான் ஏறட்டுமா?" செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து நான் சொல்வேன்: "இன்னிக்கு நீயே ஏறிடு." ஏறி இறங்கி வந்ததும் படிவத்தை எழுதி நீட்டுவாள். "படிச்சுப் பார்த்துப் போடுங்க" என்பாள். "உன்னை நம்பாம வேற யாரை நம்பறது?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுவேன்.

என் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடோனில் நான் மேற்பார்வையாளர். உள்ளே வருகிற பெட்டிக்கு ஒரு சீட்டு, வெளியே போகிற பெட்டிக்கு ஒரு சீட்டு. ஒரு நாளைக்கு இருநூறுக்குக் குறையாது. பெட்டியில் என்ன இருக்கிறது என்பது ஏற்றுகிறவர்களுக்குத் தெரியும், இறக்குகிறவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது எங்கே கையெழுத்துப் போடுவது என்பது மட்டும்தான். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், கண்ணைத் தாழ்த்தாமல், ஒரே சுழி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சுழி ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

அவள் படியேறிய அந்த வாரங்களில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சோபாவில் படுத்துக்கொண்டு மலையைப் பற்றி ஏராளமாகப் படித்தேன். உயரம் கூடக் கூட மூச்சுக் குறையும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் அவள் பூட்ஸ் கயிற்றைக் கட்டும்போது அவளுக்கு விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு போய் அதன்படியே நடப்பாள்.

முதல் வாரம் முகமெல்லாம் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் அவள் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே ஏற ஆரம்பித்தாள். என் கொழுந்தியாளுக்கும் அவள் மாமியாருக்கும் இருந்த ஒரு தகராறு பதினெட்டு மாடியில் தீர்ந்தது. ஆறாவது வாரம் பத்து கிலோவோடு பத்து தடவை மேலே போய் வந்தாள். அறுபது மாடி. வந்து உட்காரக்கூட இல்லை, நேராக வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நான் லிஃப்ட் வரவில்லை என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஏறுவது மட்டுமா? கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்புப் பட்டையை இறுக்கினால் தோளுக்குப் பாரம் தெரியாது என்பதை அவளே கண்டுபிடித்தாள். மெல்லிய காலுறை உள்ளே, தடித்தது வெளியே. ஏறும்போது கயிறு கொஞ்சம் தளர்வாக, இறங்கும்போது இறுக்கமாக. ஒரு நாள் குளிர்ந்த தண்ணீருக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் வைக்கிற தட்டில் நாலு பேட்டரி உட்கார்ந்திருந்தது. குளிரில் டார்ச் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்க்கிறாளாம். இன்னொரு நாள் உல்லன் கையுறை போட்டுக்கொண்டு வீட்டிலிருந்த எல்லா ஜிப்பையும் திறந்து மூடிப் பழகினாள். என் ஆபீஸ் பையைக்கூட விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில் பையை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நின்றாள். பைக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று தெரிய வேண்டுமாம். எங்களுக்குள் சண்டை என்று நினைத்து மூன்றாவது மாடிக்காரர் சமாதானம் பேச வந்துவிட்டார். நான் என் மனைவியைப் பற்றி அவரிடம் அரை மணி நேரம் பெருமையடித்தேன். உள்ளபடியே சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. என் மலைப் பயணத்துக்கு இப்படித் தயாராகிறவன் இந்த ஊரிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. உச்சி எங்களை வரச் சொன்ன நாள் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பூட்ஸுக்குள் காலை விட்டேன். அது என்னை உள்ளே விடவில்லை. எனக்குப் பள்ளமாக இருக்க வேண்டிய இடத்தில் மேடு, மேடாக இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். அவள் சுண்டுவிரல் தன் வீட்டைக் கட்டிக் குடியேறியிருந்தது. எப்படியோ திணித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே கிளம்பினேன். அவளும் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு துணைக்கு வந்தாள்.

உச்சியின் ஆஸ்பத்திரி நாலாவது மாடியில். அவர் கீழேயே நின்றுகொண்டிருந்தார். "லிஃப்ட் வேண்டாம், பேசிக்கிட்டே ஏறலாம் வாங்க" என்றார். முதல் மாடி வரை நான் பேசினேன். இரண்டாவது மாடியில் தலையாட்டினேன். மூன்றாவது மாடியில் சுவரோடு சாய்ந்துகொண்டேன். பின்னால் வந்த என் மனைவி பேட்டரி சமாசாரத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். உச்சி மெல்ல என் பக்கத்திலிருந்து நழுவி அவள் பக்கத்தில் நடந்தார்.

மேலே போனதும் படிவத்தை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடந்தவர் பேர்ல ரெண்டு பேர் இருக்கே. முதல் நாலு நாள் நீங்க. பாக்கி அறுபத்தெட்டு நாளும் உங்க வீட்டம்மா."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அப்படியா எழுதியிருக்கு?" என்றேன்.

"நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

காட்டினார். அறுபத்தெட்டு சுழி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அது வந்து, பார்த்தவர்ங்கற முறையில..." என்று இழுத்தேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க பார்த்திருக்கீங்க. அவங்க நடந்திருக்காங்க."

பல் டாக்டர் ஒருவர் என் வாயைத் திறக்கச் சொல்லாமல் மூடவைத்தது அதுதான் முதல் தடவை. கடைசி இடம் அவளுக்கு என்றார். அவள் மட்டும் மறுத்துவிட்டால் இன்னும் வழி இருக்கிறது என்று தோன்றியது. அவள் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்றேன். ஃபைலைத் திறந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது என்னுடையது இல்லை.

"உனக்கு ஆபீஸ்ல லீவு குடுக்கணுமே" என்று கடைசியாக ஒரு கல்லை எறிந்து பார்த்தேன்.

"எட்டாவது வாரமே எழுதிக் குடுத்துட்டேங்க."

திரும்பி வரும் வழியில், பூட்ஸை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, வெறும் காலுறையோடு நடந்து வந்தேன். தெரு முனையில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"உனக்குப் போகணும்னு ஆசைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. நீங்க ஏறறீங்களா, நான் ஏறட்டுமான்னு தினமும் கேட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ஏறறேன்னு நீங்க சொல்லியிருந்தா பூட்ஸைக் கழட்டிக் குடுத்திருப்பேன்."

அவளே தொடர்ந்தாள். முதலில் பூட்ஸுக்காகத்தான் ஏறினாளாம். பிறகு என் பெயரைக் காப்பாற்ற ஏறினாளாம். மூன்றாவது வாரம் ஒரு நாள் மொட்டை மாடியில் போய் நின்றபோது மூச்சு வாங்கவே இல்லை. அன்றைக்கு உச்சிக்குப் போன் செய்து, இதுவரை எழுதியது போல நடக்கிறவர் பெயரை எழுத வேண்டுமா, போகிறவர் பெயரை எழுத வேண்டுமா என்று கேட்டாளாம். இரண்டும் ஒரே பெயர்தானே என்று அவர் சொன்னாராம்.

"இருபது வருஷமா யார் யாரோ நடந்ததை, விழுந்ததை, எழுந்ததை எழுதிக்கிட்டிருக்கேன். ஒரு தாள்ல என் பேரை எழுதி, எதிர்ல 'அறுபது மாடி'ன்னு போட்டப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றாள்.

கோபப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன். வரவில்லை. இப்படி ஒருத்தியிடம் தோற்பதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. கையிலிருந்த பூட்ஸை அவளிடம் நீட்டினேன். தெருவிலேயே குனிந்து போட்டுக்கொண்டாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது கால்.

அவள் போன ஒன்பதாவது நாள் கணவாயிலிருந்து படம் வந்தது. எந்தப் பக்கமும் திரும்பி நிற்கவில்லை, நேராகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் இரண்டு பை இருந்தது. இன்னொன்று உச்சியுடையதாம், அவருக்கு மூச்சுத் திணறலாம். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் குடோன் சுவரில் மாட்டினேன். சீட்டு நீட்டியவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, படத்தைக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குள் ஒரு வேகம் பிறந்தது. அடுத்த வருஷம் நானும் அவளோடு போவது. பழக்கத்தை இன்றே தொடங்குவது. பையில்லை, பூட்ஸில்லை, சாதாரணச் செருப்போடு படியில் கால் வைத்தேன். நாலாவது மாடியில் கண் இருட்டியது. கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு ஒரு கதவு திறந்தது. அந்த வீட்டு அம்மா ஓடிப் போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பன்னிரண்டு வருஷமாக அதே கட்டிடத்தில் குடியிருக்கும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகுந்த பரிவோடு கேட்டார்:

"உட்காருங்க சார். புதுசா குடி வந்திருக்கீங்களா?"