கினெசினுக்கு அப்பா ஒரு கால், சித்தப்பா ஒரு கால்

“கண்ணுக்கே தெரியாத ஒண்ணு எப்படி நடக்குதுன்னு பாக்க, இவளுக்குச் சம்பளம் வேற குடுப்பாகளாக்கும்!” என்றார் தாய்மாமா. அப்போது நான் எம்.எஸ்சி. கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் (இதை ஊரில் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்). செமினாரில் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

செமினார் கேட்க மதுரையிலிருந்து வரும் பேராசிரியர், எங்களில் ஒருவரை மட்டும் தன் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொள்வார். எடுக்காவிட்டால் எனக்குத் தேவகோட்டை மாப்பிள்ளை. மாமா தை மாதம் என்று பேசியே முடித்திருந்தார்.

என் தலைப்பு கினெசின். உயிரணுவுக்குள் தண்டவாளம் மாதிரி நுண்குழல்கள் ஓடுகின்றன. அவற்றின்மேல் சரக்குச் சுமந்து நடக்கும் மோட்டார் புரதம் இது. இதற்கு இரண்டு தலைகள் (பெயர்தான் தலை, பார்ப்பது காலின் வேலை). ஒரு தலை குழலைப் பிடித்திருக்க, மற்றது பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வரும். மற்றவர்கள் சார்ட் வரைந்தார்கள். எனக்குச் சார்ட் போதுமா? காரைக்குடியில் தேக்குத் தூணும் கதவும் தூக்கும் லோடுமேன்கள் அப்பாவும் சித்தப்பாவும். அவர்களையே கினெசினாக்கினேன்.

“மேடையில ஏறணும்னா சட்டை போடணுமா ஆத்தா?” என்பது மட்டுமே சித்தப்பாவின் சந்தேகம்.

தரையில் சிங்கம்புணரித் தேங்காய்நார்க் கயிறு, அதுதான் நுண்குழல். அதன்மேல் அப்பா முன்னால், சித்தப்பா பின்னால் நின்றார்கள். இருவர் இடுப்பையும் இணைத்து ஒரு துண்டு, அது இரண்டு தலைகளையும் இணைக்கும் கழுத்து. சித்தப்பாவின் தொப்பைக்கு வசதியாக நீளமாகவே விட்டிருந்தேன். வீட்டில் வெறும் கையோடு அழகாக நடந்தார்கள்.

அரங்கில் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சும்மா நடந்தால் எடுபடாது, சுமை வேண்டும். பக்கத்தில் இருந்த சூட்கேஸை எடுத்து, மேடையோரம் கிடந்த கம்பில் மாட்டி இருவர் தோளிலும் ஏற்றினேன். அது பேராசிரியருடைய சூட்கேஸ்.

தோளில் கம்பு ஏறியதும் அப்பா புரதம் என்பதை மறந்தார். தூண் தூக்கும் பழக்கத்தில், “தூக்கு… போ!” என்றார். இருவரும் ஒரே நேரத்தில் காலை எடுத்தார்கள். சித்தப்பா சுற்றி வர, அப்பா நேராகப் போக, துண்டு காலைச் சுற்றி, கினெசின் குப்புற விழுந்தது. சூட்கேஸ் திறந்தது. இரண்டு பனியன், ஒரு லுங்கி, யாருக்கோ ஆசையாய் வாங்கிய சீப்புச் சீடை எல்லாம் அரங்கு முழுக்கச் சிதறின.

யாரும் சிரிக்கவில்லை. துறைத்தலைவர் முகம் வெளிறியது. எனக்குத் தை மாதம் கண்முன் தெரிந்தது.

பேராசிரியர் குனிந்து ஒரு சீடையை எடுத்தார். “ஏம்மா விழுந்துச்சு?”

“ரெண்டு தலையும் சேந்து பிடிய விட்ருச்சு சார்.”

“நிஜப் புரதம் விழலையே?”

அப்பா தரையில் உட்கார்ந்தபடி துண்டை உதறினார். அப்போதுதான் அதன் நீளம் உறைத்தது. ஓடிப்போய் அதைச் சுருக்கிக் கட்டினேன்.

“கழுத்து நீளமாப் போச்சு சார். ஒரு தலை செய்யுறது இன்னொண்ணுக்குத் தெரியல.” அப்பா பக்கம் திரும்பினேன். “சித்தப்பா முன்னால வந்து கால ஊனுவாக. துண்டு உங்கள இழுக்கும். அதுக்கப்புறம்தான் நீங்க எடுக்கணும்.”

“பெட்டி?” என்றார் அப்பா, பயந்துபோய்.

“தூக்குங்க,” என்றார் பேராசிரியர்.

கம்பு ஏறியது. சித்தப்பா சுற்றி வந்தார், ஊன்றினார், துண்டு இழுத்தது. அப்பா காலை எடுத்தார். கயிற்றின் முனைவரை ஒருவரும் மூச்சுவிடவில்லை. நானும்தான்.

இடம் எனக்குக் கிடைத்தது. அப்பாவுக்கும் ஒன்று கிடைத்தது. இன்றும் விசேஷ வீடுகளில், “எம் மக படிப்புக்கு முன்னங்காலு நாந்தான்” என்கிறார். “அண்ணே, முன்னங்காலு நான், நீங்க பின்னங்காலு” என்று சித்தப்பா சண்டைக்கு வருகிறார். (மாறி மாறி இரண்டும்தான் என்றால் இருவருமே கேட்பதில்லை.)

மதுரைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கழுத்தைக் கொஞ்சம் நீட்டிய கினெசின் ஒன்றை நானே செய்திருக்கிறேன். இது விழுமா, நடக்குமா, யாருக்கும் தெரியாது. இன்று காலை அதற்கு ஒளிரும் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அறை விளக்கை அணைத்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டேன்.