ஒரே நாளில் அறுபத்து மூன்று சூடு

ஆறாம் நம்பர் லயம்,
தலவாக்கலை.
ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் வம்சத்தின் முதல் விஞ்ஞானியும் என் ஒரே அக்காவின் ஒரே மகளுமாகிய மருமகள் லோஜினிக்கு, தாய்மாமன் முத்துலிங்கம் மகாவலி கரைபுரண்டது போன்ற அன்போடு எழுதுவது. நான் நலம். உன் அத்தை ஜீவராணியின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதமே.

"மாமா, அத்தைக்கு ஒரே நாள்ல அறுபத்து மூணு தடவ உடம்பு சூடேறுச்சுன்னு ஃபோர்ம்ல எழுதியிருக்கீங்க. அவங்க மனுசியா, பெக்டரி பொய்லரா?" என்று நேற்று நீ அனுப்பிய குரல்செய்தியை லயத்து வரிசை வீடுகள் எல்லாமே கேட்டன. கணக்கு சுத்தம், மருமகளே! உடம்புதான் ஒன்றல்ல, பதினொன்று.

மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்கள் படும் பாட்டுக்குத் தண்ணீர்விட்டான் கிழங்குச் சாறு உதவுமா என்று உங்கள் பல்கலைக்கழகம் ஆராய்கிறதென்று சொல்லி, அத்தைக்கு ஒரு பழுப்புப் போத்தலும் எனக்கு ஒரு கட்டுப் படிவமும் அனுப்பினாயே, அந்த வாரம் இங்கே நிலைமை என்ன தெரியுமா? நானுஓயா வரைக்கும் பனி மூடி, நாய்கூட அடுப்படியை விட்டு நகராத குளிரில், உன் அத்தை கொழுந்தாயும் மலையில் நின்று தலைத்துணியை உருவி எறிந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து எறிந்து, சோற்றுச்சட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்தில் மூன்று தேயிலைச் செடி வாடிப்போனதாகக் கேள்வி. நான்கு என்பது என் கருத்து. "என்ன ஜீவராணி, கொழுந்து கொறையுது?" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டதற்கு, "நீங்க இந்த உடம்புக்குள்ள வந்து ஆஞ்சு பாருங்கய்யா!" என்றாளாம். மனிதர் அடுத்த மலைக்கே போய்விட்டார். ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து பாதியில் திரும்பிவந்து உட்கார்ந்து அழுதாள். "முப்பது வருசம் ஆஞ்சது போதுங்க. வர்ற மாசம் ஆபீசுல பேர வெட்டிக்கிட்டு வேலைய விட்டுர்றேன்." அப்போது மட்டும் நான் கேலி பேசவில்லை.

உன் போத்தலைக் கையில் கொடுத்தேன். "தினம் ரெண்டு கரண்டி, அத்தை மட்டும்" என்ற உன் உத்தரவையும் சத்தமாக வாசித்தேன். ஆனால் எங்கள் லயத்தில் எந்த வீட்டில் பலாக்காய் வெந்தாலும் பன்னிரண்டு வீட்டுக்கும் கிண்ணம் போகும் என்பது உனக்குத் தெரியாததா? மறுநாள் பத்துமணித் தேத்தண்ணிக் கேத்தலோடு மலைக்குப் போகிறேன், அவள் வயதுப் பெண்கள் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து, பழுப்புப் போத்தலிலிருந்து மூடி மூடியாக ஊற்றிக்கொடுக்கிறாள்!

"எனக்கு நேத்து ஆறு தடவ" என்கிறாள் வேலாயி.

"ஆறுதானா? எனக்கு ஒம்போது. எங்க வீட்டுக்காரரு போர்வையையும் சேத்துத் தூக்கி எறிஞ்சிட்டேன்" என்கிறாள் டெல்சி.

"அடியே, எனக்கு மட்டுந்தான் இப்பிடின்னுல்ல நெனச்சேன்!" என்கிறாள் உன் அத்தை.

சிரித்த சிரிப்பில் மலையே ஓர் அங்குலம் சரிந்தது. பதினொரு பேருடையதையும் கூட்டினேன், அறுபத்து மூன்று. உன் படிவத்தில் ஒரே கட்டம் இருந்தால் நான் என்ன செய்ய?

இனி வெற்றிச் செய்தி! இருபது நாளில் அறுபத்து மூன்று முப்பதாகிவிட்டது. அத்தை உறங்குகிறாள், குறட்டைக்குப் பதுளை ரயிலே ஒதுங்கி வழிவிடுகிறது. கண்டாக்கையா இந்த மலைக்குத் திரும்பிவிட்டார். பேரை வெட்ட வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனவள் வெட்டாமலே வந்துவிட்டாள். "பத்து மணிக்கு அவளுக என்னயத் தேடுவாளுகங்க" என்றாள். அதைவிட ஆச்சரியம், பதினொரு பேர் இருபது நாள் குடித்தும் போத்தல் வற்றவேயில்லை! உன் பேராசிரியருக்குத் தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில் சிலை வைக்க இடம் பார்த்துவிட்டேன்.

நீ இன்னும் நூறு கிழங்கைப் பிழிந்து, முருகன் துணையால் உலகையே குளிர்விப்பாயாக.

உன் மாமன்,
முத்துலிங்கம்

பி.கு.: கடித உறை தேடிப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் உன் போத்தல், மூடி திறக்காமல் அப்படியே கிடக்கிறது. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒத்தப் போத்தல பதினொரு பேருக்கு எப்பிடிங்க ஊத்துறது? அவளுகளப் பாக்க வச்சிக்கிட்டு நா மட்டும் எப்பிடிக் குடிக்கிறது? அதான் இதே மாதிரி பழுப்பா இருந்த பழைய இருமல் மருந்துப் போத்தலக் கழுவி, தெனமும் கொத்தமல்லி அவிச்சு ஊத்திக்கிட்டுப் போனேன்" என்கிறாள். ஆகவே சிலை வேலையை நிறுத்திவைக்கிறேன். உன் மருந்தைக் குடிக்க அத்தை தயார். ஆனால் இன்னும் பத்துப் போத்தல் அனுப்ப வேண்டுமாம். படிவமும் பத்து.