நாற்பத்தெட்டாவது சனிக்கிழமையும் ஒரு சீனக் கொக்கும்

எனக்குத் தெரிந்த பறவைகள் மொத்தம் நான்கு. கோழி, புறா, மைனா, காக்கா. கோழியோடு என் உறவு சாப்பாட்டு மேசையோடு சரி. காக்காவோடு சனிக்கிழமை மட்டும். இந்த லட்சணத்தில் நான் ஒருநாள் முழுக்கப் பெரிய பறவை ஆர்வலராக நடித்தேன். ஏன் என்று கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: கல்யாண ஆசைதான்.

தினேஷும் நானும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். மூன்று வருடக் காதல். என் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. அவன் அம்மா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிள்ளானில் முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் நடந்து வந்தால் நோயாளிகள் வலியை மறந்து நேராகப் படுத்துக்கொள்வார்களாம். ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்க ஆரம்பித்தார். கழுத்தில் சங்கிலி இருக்கிறதோ இல்லையோ, பைனாகுலர் இருக்கும்.

ஒருநாள் தினேஷ் மூச்சு வாங்க போன் செய்தான்.

"மாலா, அம்மா உன்னைப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க!"

"எங்க, வீட்டுலயா?"

"இல்ல. கடல்ல."

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் போனால் தீவுகள். ஏப்ரல் மாதத்தில், வடக்கே திரும்பிப் போகும் பறவைகள் அங்கே சேற்றில் இறங்கி இரை தேடுமாம். அவரோடு பறவை பார்க்கும் தோழிகள் இருவரும் வருகிறார்களாம்.

"இன்னொண்ணு, கோவிச்சுக்காத. உனக்குப் பறவைன்னா உசிருன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்லா."

போனிலேயே அவன் காதைத் திருக முடிந்திருந்தால் திருகியிருப்பேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், அது சனிக்கிழமை. எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது, அதனால்தான் கல்யாணம் இழுக்கிறது என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். நாற்பத்தெட்டு சனிக்கிழமை விடாமல் காக்காவுக்கு எள்ளு சாதம் வைத்து, அது சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிட வேண்டும். நாற்பத்தேழு வாரம் முடிந்திருந்தது. படகில் போக வேண்டிய நாள்தான் நாற்பத்தெட்டாவது.

"இந்த ஒரு வாரம் விட்டா நாப்பத்தேழும் வீண்டி!" என்று என் அம்மா எங்கள் ஊர் காப்பார் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். விடியும் முன்னே நான் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் காக்காவே எழுந்திருக்காது. கடைசியில் அம்மா எள்ளு சாதத்தை ஒரு டப்பாவில் அடைத்துக் கைப்பையில் திணித்தார். "கடல்லயும் காக்கா இருக்கும். போட்டோ அனுப்பு" என்றார். (என் மேல் அவ்வளவு நம்பிக்கை.)

மாமியாரைப் பார்க்கப் போகிறோமே என்று சிவப்பு பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு போயிருந்தேன். படகுத் துறையில் மற்ற எல்லாரும் சேற்று நிறத்தில் நின்றார்கள். தினேஷின் அம்மா, அதாவது ஆன்டி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு பழைய பச்சை மழைக்கோட்டை எடுத்து நீட்டினார். அந்த வெயிலில் அதை மாட்டிக்கொண்டேன். வெந்துபோனேன்.

துறையில் காக்காக்கள் ஏராளம். ஆஹா, வேலை இங்கேயே முடிந்தது என்று மெல்ல டப்பாவைத் திறக்கப் போனேன். அப்போது ஆன்டி தன் தோழிகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இந்தக் காக்காதான் இந்த ஊருக்குப் பிடிச்ச சனியன். மத்த பறவைங்க முட்டை, குஞ்சு எல்லாத்தையும் தின்னுடும். சோறு போட்டுப் போட்டு இதை வளத்து விட்டிருக்குங்க, அறிவு கெட்டதுங்க."

டப்பாவை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

படகோட்டி ஆ ஹோக் அங்கிள் எஞ்சினைக் கிளப்பினார். பத்தாவது நிமிடம் தினேஷ் படகின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்தான். அன்று முழுக்க அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். ஆகவே தேர்வை நான் தனியாக எழுத வேண்டியதாயிற்று.

"சீனக் கொக்கு பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார் ஆன்டி.

"நிறைய ஆன்டி! எங்க காப்பார்ல செம்பனைத் தோட்டத்துல மாட்டு முதுகு மேலேயே உக்காந்திருக்கும்."

"அது மாட்டுக் கொக்கு."

அதற்குப் பிறகு நான் எதைப் பார்த்தாலும் "அடேயப்பா" என்று மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தேன். நன்றாகவே போயிற்று.

சீனக் கொக்கு உலகத்திலேயே குறைவாம். நம் பக்கம் வந்து தங்கிவிட்டு, வடக்கே போகிற சமயத்தில்தான் அதன் தலையில் கொண்டை சிலிர்த்து நிற்குமாம். அந்தக் கொண்டையோடு ஒரு படம் எடுக்க ஆன்டி ஆறு வருடமாக அலைகிறாராம். ஆறு வருடம் ஒரு கொக்குக்கு! எனக்கு மயக்கம் வந்தது. (பசியும் ஒரு காரணம்.)

கெத்தாம் தீவை நெருங்கி, சேற்றுத்திட்டின் ஓரம் எஞ்சினை நிறுத்தினார்கள். யாரும் மூச்சுகூட விடவில்லை. எதிரே ஆயிரக்கணக்கில் பறவைகள், குட்டிக் கால்களால் சேற்றில் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அழகாக இருந்தது. முதல் தடவையாக நடிக்காமல் ஒரு "அடேயப்பா" சொன்னேன்.

மதியமானது. ஆன்டி நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார். சம்பால் வாசனை மூக்கைத் துளைத்தது. காக்கா சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது?

"வேணாம் ஆன்டி. பறவைங்களைப் பாத்தாலே வயிறு நிறைஞ்சிடுது."

இப்படிச் சொன்ன வாயைத் தைக்க வேண்டும். ஆனால் ஆன்டி முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். அதே சமயம் கைப்பேசியில் அம்மாவின் செய்தி வந்தது: "காக்கா சாப்பிட்டுச்சா? போட்டோ எங்கே?"

அப்போதுதான் ஆன்டி சட்டென்று கையை உயர்த்தினார். "வலது பக்கம். கொண்டையோட நிக்குது" என்றார், அவ்வளவு மெதுவாக. எல்லாரும் படகின் வலது ஓரத்துக்கு நகர்ந்தார்கள். ஆன்டி நீளமான கேமராவைத் தூக்கினார்.

இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று நானும் நினைத்தேன். நான் நினைத்தது காக்காவைப் பற்றி. பின்பக்கம் நழுவி, படகின் பின் பலகையில் எள்ளு சாதத்தை உருண்டையாக வைத்தேன். தூரத்தில் மீன்பிடிக் கம்பத்தின் மேல் ஒற்றைக் காக்கா உட்கார்ந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கா" என்றேன், ரகசியமாக. தலையைச் சாய்த்தது.

"கா... கா..." என்றேன் மறுபடி. நாற்பத்தேழு வாரப் பயிற்சி சும்மாவா? வந்தது. கொத்தியது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். நாற்பத்தெட்டும் முடிந்தது! சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் காக்கா தனியாகச் சாப்பிடாது என்பதை அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். அது தலையை நிமிர்த்தி, தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டது. கெத்தாம் தீவின் வீட்டுக் கூரைகளில் இருந்த அதன் அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கிளம்பி வந்தார்கள். ஒன்று நாசி லெமாக் பொட்டலத்தைத் தூக்கியது. ஒன்று ஆன்டியின் தொப்பியில் உட்கார்ந்தது. சேற்றுத்திட்டில் இருந்த ஆயிரம் பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. வானமே அசைவதுபோல் இருந்தது. கொக்கும் எழும்பியது. கொண்டையும் அதோடு போனது.

"ஹபிஸ்லா! ஹபிஸ்!" என்று தலையில் கை வைத்தார் ஆ ஹோக் அங்கிள். முடிந்ததுலா, எல்லாம் முடிந்தது!

ஆன்டி மெதுவாகத் திரும்பினார். என் கையில் டப்பா. விரலெல்லாம் எள்ளு.

"என்னம்மா இது?"

"அம்மா, அவளுக்குப் பறவைன்னா உசிரு..." என்றது தினேஷின் முதுகு.

"நீ வாந்தி எடு" என்றார் ஆன்டி.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பறவை பிடிக்கும் என்பது பொய், சனி உண்மை, நாற்பத்தெட்டு வாரம் உண்மை. "உங்க மகனைக் கட்டிக்கணும்னுதான் ஆன்டி" என்றேன்.

"ஒரு வாரம்கூட விடலையா?"

"இல்ல ஆன்டி."

"மழை பெஞ்சா?"

"குடை பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தேன், அன்னிக்கு ஜன்னல்ல வச்சேன். அது வர மூணு மணி ஆச்சு."

"அதுவரைக்கும் சாப்பிடலையா?"

"இல்ல."

ஆன்டி கேமராவைப் பைக்குள் வைத்து மூடினார். படகு திரும்பியது. என் கல்யாணம் அந்தக் கொக்கோடு வடக்கே போய்விட்டது என்று நினைத்து, கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். (அவருடைய கோட்டு.) துறை கண்ணில் பட்டபோது ஆன்டி தன் குறிப்பு நோட்டையும் பேனாவையும் என் மடியில் போட்டார்.

"எழுது. சீனக் கொக்கு, ஒண்ணு."

எழுதினேன்.

"காக்கா, அறுபதுக்கு மேல."

எழுதினேன். கண்ணீர் விழுந்து அறுபது அழிந்தது. மறுபடி எழுதினேன்.

"குறிப்பு. மத்த பறவைங்க எல்லாம் கலைஞ்சு போச்சு. காரணம்..." என்று நிறுத்தி, ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மகனின் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "காரணம், என் மருமக."

பேனா நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? எழுதும்மா. இவனோட குடும்பம் நடத்த உன்னை மாதிரி காத்துக்கிடக்குற ஆளுதான் வேணும்."

அந்தப் பக்கத்தை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியாது, அவ்வளவு அழுதேன்.

கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. எல்லாம் காக்காவின் மகிமை என்கிறார் என் அம்மா. அன்று ஆன்டியின் கேமராவில் விழுந்தது ஒரே ஒரு தெளிவான படம்: அலகு நிறைய எள்ளு சாதத்தோடு ஒரு காக்கா. அதைச் சட்டம் போட்டு, தன் வீட்டு வரவேற்பறையில் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். விருந்தினர் வந்தால் கல்யாணப் படத்தை யாரும் பார்ப்பதில்லை.

சீனக் கொக்கு இன்னும் சிக்கவில்லை. இப்போதும் ஒவ்வொரு ஏப்ரலிலும், சனிக்கிழமை காலை படகேறும் முன் என் மாமியார் தவறாமல் எனக்குப் போன் செய்வார்.

"மாலா, இன்னிக்கு நீ எந்தப் பக்கம் இருக்க? சொல்லிடும்மா. நான் எதிர்ப்பக்கம் போறேன்."