என் வயலில் பச்சைக் கொடி நட்டது யார்?

சேசு மரி சூசை

உறுவையாறு,
12-5-1979

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் பாஸ்கலுக்கு, உன் அக்காள் புருஷன் இன்னாசிமுத்து எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அக்காள் அன்னாமேரியும் மகள் எலிசாவும் கறவை மாடு உட்பட எல்லாரும் சுகம். அங்கே புதுச்சேரி பிளானிங் ஆபீசில் நீயும் சுகமாய் உட்கார்ந்து வரைபடம் வரைந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். அந்தப் படத்தால்தான் எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

உங்கள் அதிகாரி நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் எங்களைக் கூட்டி வைத்து, "ஏரியையும் காப்பாத்தணும், ஜனங்களுக்கு வீட்டு மனையும் வேணும், தொழிலும் வளரணும். எது எங்கேன்னு நீங்களே சொல்லுங்க" என்று கட்டுக்கட்டாய்க் கொடிகளைக் கொடுத்தார். இருப்பதை அப்படியே காக்க வேண்டிய இடத்தில் பச்சை, மனை போட வேண்டிய இடத்தில் மஞ்சள், மண் வெட்டிச் சூளை போடவோ தொழிற்சாலை கட்டவோ தோதான இடத்தில் சிவப்பு. ஊரார் நட்டு வைத்தால் ஒரு வாரம் விட்டு, வருகிற திங்கட்கிழமை வந்து குறித்துக்கொண்டு போவாராம். ஊரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை பாஸ்கல். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனவன் தன் வயலில் சிவப்பையும் பக்கத்து வயலில் பச்சையையும் நட்டுவிட்டு வந்தான். இயற்கையைக் காக்க வேண்டும் என்பதில் ஊரே ஒரே மனதாக இருக்கிறது, அது அடுத்தவன் நிலத்தில் இருக்கிறவரை. சாராயக்கடை வாசலில் மட்டும் யாரோ பச்சையை ஆழமாக ஊன்றியிருக்கிறார்கள், அதை ஆட்சேபிக்க ஆளில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு மஞ்சள் முளைத்ததைப் பார்த்துச் சாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. ஊரெங்கும் சிவப்புக் கொடி பறப்பதைக் கேள்விப்பட்டுக் கட்சிக்காரர் இரண்டு பேர் வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வந்து, எந்த ஆலையில் ஸ்டிரைக் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மந்தைவெளி நடுவே மஞ்சள் நட்டது களையெடுக்கிற தனக்கொடி. மாடு மேயும் இடத்தில் மனை கேட்கிறாயே என்றேன். "இன்னாண்ணே பண்றது, எல்லாரும் அவங்கவங்க நெலத்துல நட்டீங்க. எனக்கு நட்டுக்க சொந்தமா ஒரு சாண் கூட இல்லியே" என்றாள். அதை விடு, என் கதைக்கு வருகிறேன்.

ஏரிக்கரை ஓரத்து நம் வயல் உனக்குத் தெரியும். அதன் களிமண்ணைச் சூளைக்கார உலகநாதன் கேட்கிறார். எலிசாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்க்கிறார்கள். இரண்டு இடம் கீற்றைப் பார்த்தே திரும்பிப் போயிற்று. மண்ணைக் கொடுத்தால் வீட்டுக்குத் தளம் போட்டுவிடலாம். அதற்காகத்தான் சிவப்பு நட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கே பச்சை! பிடுங்கிப் போட்டுவிட்டுச் சிவப்பை நட்டேன். அடுத்த நாளும் பச்சை! கீழ் வயல் சாமிக்கண்ணு வேலைதான் இது, நான் மண் வெட்டினால் அவர் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அவர் வயலில் நான் பச்சை நட்டது ஊர் நன்மைக்காக. என் வயலில் அவர் நட்டால் அது பொறாமை இல்லையா? வரப்பிலேயே மறித்துக் கேட்டேன். "யோவ் இன்னாசி, என் வயல்ல இருந்த செவப்பையே காணோம்னு நான் தேடிகினு இருக்கேன், நீ வேற!" என்று மண்வெட்டியை ஓங்கினார். இருபது வருஷப் பழக்கம் அந்த வரப்பிலேயே போயிற்று. எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்தான் முதலில் கத்தினார்.

ஆகையால் தம்பி, கொடி என்ன நிறத்தில் இருந்தாலும் படத்தில் நம் வயல்மேல் ஒரு சொட்டுச் சிவப்பு மையைத் தெரியாமல் கொட்டியதுபோல் கொட்டிவிடு. உன் மருமகள் வாழ்க்கை உன் தூரிகை நுனியில் இருக்கிறது. மாதா உனக்கும் பிள்ளைகளுக்கும் துணையிருப்பாளாக. உன் வீட்டாருக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
உன் மாமன் இன்னாசிமுத்து

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகுமுன் வயலை எட்டிப் பார்த்தேன். இன்றும் பச்சை. ஆனால் ஆபீஸ் துணியில்லை, ஓரத்தில் சரிகை மினுங்கியது. போன கிறிஸ்துமசுக்கு நீ உன் அக்காளுக்கு எடுத்துக் கொடுத்த அதே பச்சைப் புடவையில் கிழித்த துண்டு. கேட்டதற்கு அவள் அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை. "ஆமா, நான்தான் நட்டேன். மண்ண ஒரு தபா வித்தா ஒரு தபாதான் துட்டு. அப்புறம் நெல்ல எங்க நடுவ, தளத்து மேலயா?" என்றாள். எலிசா வேறு, "கூரையப் பார்த்து ஓடுறவன் எனக்கு வாணாம்பா" என்றாள். நான் தோற்றேன் பாஸ்கல், தோற்றதில் ஏனோ நிம்மதியாகவும் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டு நம் வயலைப் பச்சையாகவே தீட்டு. தனக்கொடியின் மஞ்சளை மட்டும் யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள், இது உன் அக்காள் உத்தரவு.

சாமிக்கண்ணுவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி செங்கமலத்தின் புடவையும் கொடிக்காகக் கிழிபட்டு முழங்காலுக்கு ஏறியிருக்கிறது. திரும்பி வரும்போது பார்த்தேன், ஏரிக்கரை நெடுகப் பச்சை, ஒன்றுகூட ஆபீஸ் துணியில்லை. அடுத்த முறை வரும்போது உன் அக்காளுக்கு ஒரு புடவை எடுத்து வா. எந்த நிறமானாலும் சரி, சிவப்பு மட்டும் வேண்டாம். என்னை நம்பி அதை வீட்டில் வைக்க மாட்டாளாம்.