யாரும் போனை எடுக்காத கம்பெனியின் வரலாறு

ஒரு நிறுவனம் என்று வந்துவிட்டால் அதற்கு வரலாறு வேண்டும். மரக்காணத்தில் டயர் கடை மாடியில் இயங்கிவரும் ‘உப்பலை கிளவுட் கம்யூனிகேஷன்ஸ்’ அரசின் அங்கீகாரச் சான்றிதழ் பெற அது ஒன்றுதான் குறை. ‘நிறுவன வரலாறு, இருபது பக்கத்துக்குக் குறையாமல்’ என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். கம்பெனிக்கு வயது பதினோரு நாள்.

நிறுவனர் பஞ்சநாதன் பெருமுக்கல்காரன், சென்னையில் படித்தவன், அசரவில்லை. இல்லாத வரலாற்றை உண்டாக்கிவிட்டால் ஆயிற்று. நேராக உப்பளத்து மேஸ்திரி தையல்நாயகியிடம் போனான்.

தையல்நாயகிக்குக் கீழே நாற்பது பேர். எல்லோரையும் அவள் ஒரு பழைய பட்டன் போனில் மிஸ்டு கால் கொடுத்தே மேய்த்து வந்தாள். ஒரு மிஸ்டு கால் என்றால் வேலைக்கு வா. இரண்டு என்றால் மழை வருது, ஓடிவந்து உப்பை மூடு. மூன்று என்றால் சாவு விழுந்திருக்கிறது. போனை எடுத்துப் பேசுவது அவர்களுக்குள் மரியாதைக் குறைவு, எண்ணத்தான் வேண்டும்.

“அக்கா, இனிமே கம்ப்யூட்டரே கூப்பிடும். நீங்க இந்த டேப்ல ஒரு பட்டனை அமுக்கினா போதும்” என்றான் பஞ்சநாதன். அவளுடைய போனை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ‘வரலாற்றுக்கு முந்தைய காலம்’ என்று சீட்டும் ஒட்டினான். முதல் பக்கம் தயார்.

“யாரும் எடுக்கலன்னா?”

“தானாவே மூணு தடவை அடிக்கும். இண்டர்நேஷனல் ஸ்டாண்டர்டுக்கா.”

“ஏம்பா, மூணுன்னா இங்க வேற...”

“ஸ்டாண்டர்டை மாத்த முடியாதுக்கா.”

மூன்றாம் நாள் மத்தியானம் கூனிமேட்டுப் பக்கம் வானம் கறுத்தது. அளத்தில் இரண்டு மாத உப்பு குவிந்து கிடந்தது. அது கரைந்தால் முதலாளி அளத்தை மூடிவிடுவார். நாற்பது வீட்டிலும் அடுப்பு எரியாது. தையல்நாயகி ஓடிப்போய் டேப்பை எடுத்தாள். பட்டனை அமுக்கினாள்.

நாற்பது போனும் அடித்தன. “மதிப்பிற்குரிய உப்பளப் பணியாளரே, தங்கள் பகுதியில் மழைப்பொழிவு நிகழ வாய்ப்புள்ளபடியால்...” என்று பேசக் காத்திருந்தது ஒரு குரல். ஒருவரும் எடுக்கவில்லை, பண்பாடு தெரிந்தவர்கள். எண்ணினார்கள், மூன்று. கம்பெனி நம்பரிலிருந்து வந்ததால் சாவு கம்பெனியில்தான் என்று முடிவு செய்து, மாலையும் மேளமுமாகக் கால் மணி நேரத்தில் டயர் கடை மாடி ஏறிவிட்டார்கள். உயிரோடு நின்ற பஞ்சநாதன் கழுத்தில் போட்டது போக ஏழு மாலை மிஞ்சியது.

அங்கே உப்பளத்தில் தையல்நாயகி ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி மூடுவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

மறுநாள் சான்றிதழ் அதிகாரி ஆய்வுக்கு வந்தார்.

“கூப்பிட்டதும் எத்தனை பேர் வந்தாங்க?”

“நாப்பது பேரும் சார்” என்றான் பஞ்சநாதன்.

“எவ்வளவு நேரத்துல?”

“பதினஞ்சு நிமிஷம்.”

“மாலையோட வந்தாங்களாமே?”

“ஆமாங்க சார்.”

‘வாடிக்கையாளர் திருப்தி: அளவிடற்கரியது’ என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

“சார், உப்பு பூரா கரைஞ்சிடுச்சுங்க” என்றாள் தையல்நாயகி.

“உப்பு வேற செக்‌ஷன்மா. நிவாரணத்துக்கு ஹெல்ப்லைன் இருக்குது. அதையும் இப்பதான் இந்தக் கம்பெனிக்கே குடுத்திருக்கோம்.”

தையல்நாயகி, தன்னிடம் உப்பு அள்ளும் கொளஞ்சியம்மாளின் போனை வாங்கி ஹெல்ப்லைனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் தலையில் கைவைத்தாள்.

“மூணாச்சுக்கா. நிவாரண ஆபீஸ்லயும் யாரோ போய்ட்டாங்க.”

சரி, துக்கமும் விசாரித்தாற்போல் இருக்கும், மனுவும் கொடுத்தாற்போல் இருக்கும் என்று தையல்நாயகி மனுவை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாற்பது பேரும் வேன் பிடித்து நிவாரண ஆபீசுக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரிய அதிகாரி மேசைமேல் தலை சாய்த்து அசையாமல் கிடந்தார். பார்த்ததும் கொளஞ்சியம்மாள் ஒப்பாரியை எடுத்துவிட்டாள். மாலை கழுத்தில் விழுந்ததும் அதிகாரி கண் விழித்து, வழக்கப்படி கைகூப்பிச் சிரித்தார். கூடவே வந்திருந்த பஞ்சநாதன் அதைப் போட்டோ எடுத்தான். இருபதாம் பக்கமும் நிறைந்தது.

எல்லோரையும்விட உரக்க அழுதது தையல்நாயகிதான். அவள் உப்பை நினைத்து அழுதாள், மனசு ஆறுகிற மட்டும் அழுதாள். வேன் பாதி வழி திரும்பிய பிறகுதான் மனு இன்னும் இடுப்பிலேயே இருப்பது தெரிந்தது.

“விடுங்கக்கா, போன்ல சொல்லிக்கலாம்” என்றாள் கொளஞ்சியம்மாள். அதுதான் சரி என்று நாற்பது பேரும் சொன்னார்கள்.